நூறு கிலோ கிளிஞ்சலும் ஒரு சிலிண்டர் கேஸும்

வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. தீர்ந்துபோனால் காலி சிலிண்டரை ஒற்றைக் கையால் நகர்த்திவிடலாம். அந்தப் பதினாலு கிலோ எங்கே போயிற்று? ட்யூஷனுக்கு வரும் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்.

"எரிஞ்சு போச்சு மிஸ்."

"எரிஞ்சு எங்கடா போச்சு?"

"காத்துல கலந்துடுச்சு."

"சரி, காத்துல எத்தனை கிலோ கலந்துது?"

இந்த இடத்தில் எல்லாரும் ஒரே குரலாக 14.2 என்பார்கள். விடை 65 கிலோ.

பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. சாயங்காலமானால் மந்தைவெளி, அடையாறு, தி.நகர் பிள்ளைகள் வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு கரிம வேதியியலைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பயப்படுவதெல்லாம் பதினொன்றாம் வகுப்பின் முதல் பாடத்துக்குத்தான். சமன்படுத்திய சமன்பாட்டை வைத்துக்கொண்டு, இந்தப் பொருள் இவ்வளவு போட்டால் அந்தப் பொருள் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடும் பாடம். வேதியியலில் அன்றாட வாழ்க்கைக்கு நேரடியாக உதவுகிற பாடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். அதைப் போய் நீட் தேர்வுக்கான குறுக்குவழிச் சூத்திரமாகச் சுருக்கி, நாற்பது விநாடியில் நாலு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கும் வித்தையாக ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

சிலிண்டருக்கே வருகிறேன். உள்ளே இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. கணக்கு எளிதாக இருக்க முழுக்கப் பியூட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். விடை பெரிதாக மாறாது. ஒரு பியூட்டேன் மூலக்கூறில் 4 கார்பன் அணுவும் 10 ஹைட்ரஜன் அணுவும் உண்டு. எரியும்போது கார்பன் ஒவ்வொன்றும் கார்பன் டை ஆக்சைடாகும். ஹைட்ரஜன் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீராகும். ஆக, ஒரு பியூட்டேனுக்கு 4 கார்பன் டை ஆக்சைடு, 5 நீர். இவற்றுக்கு எத்தனை ஆக்சிஜன் அணு வேண்டும்? எட்டும் ஐந்தும் பதிமூன்று. ஆக்சிஜன் காற்றில் ஜோடியாகத்தான் திரிகிறது. பதிமூன்றை ஜோடி சேர்த்தால் ஒன்று மிஞ்சும். அதனால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி எழுதுகிறோம்:

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்

சமன்படுத்துவது என்றால் இவ்வளவுதான். இடப்பக்கம் இருந்த அணு ஒன்றுகூட வலப்பக்கத்தில் காணாமல் போகக் கூடாது. புதிதாக ஒன்று முளைக்கவும் கூடாது.

பிள்ளைகள் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். 2, 13, 8, 10 என்ற எண்களைப் பார்த்ததும் 2 கிலோ பியூட்டேனுக்கு 13 கிலோ ஆக்சிஜன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்கள் தலையை எண்ணுகின்றன, எடையைச் சொல்வதில்லை. தராசோ எடையை மட்டும்தான் சொல்லும், தலையை எண்ணாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டியிருக்கிறது.

வங்கியில் சில்லறை மூட்டையைக் கொடுத்தால் அதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2011-இல் வந்த வரிசையில் எஃகு ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம், இரண்டு ரூபாய் நாணயம் 4.85 கிராம். 3.79 கிலோ ஒரு ரூபாய் நாணயம் இருந்தால் அதில் ஆயிரம் காசு. அதே ஆயிரம் காசு இரண்டு ரூபாயாக இருந்தால் எடை 4.85 கிலோ. எண்ணிக்கை ஒன்றே, எடைதான் வேறு. மோல் என்பது அந்த மூட்டை. அதற்குள் இருக்கும் எண்ணிக்கையை 2019 மே 20 முதல் உலகம் முழுவதும் ஒரே முழு எண்ணாக நிர்ணயித்துவிட்டார்கள்: 602214076 எழுதி, அதன் பின்னால் 15 சுழி. பியூட்டேன் ஒரு மோல் 58 கிராம். ஆக்சிஜன் ஒரு மோல் 32. கார்பன் டை ஆக்சைடு 44. நீர் 18. இந்த நாலு எண்ணும் பாடப் புத்தகத்தின் பின் அட்டையில் இருக்கும் அணு நிறைகளைக் கூட்டினால் வந்துவிடும்.

இனி கணக்கு ஓடும். 14,200 கிராமை 58-ஆல் வகுத்தால் சுமார் 245 மோல் பியூட்டேன். ஒன்றுக்கு நாலு என்ற விகிதத்தில் 980 மோல் கார்பன் டை ஆக்சைடு. அதை 44-ஆல் பெருக்கினால் 43 கிலோ. நீர் ஒன்றுக்கு ஐந்து, 22 கிலோ. இரண்டையும் கூட்டினால் 65. கூடுதலாக வந்த 51 கிலோ, அடுப்பு காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட ஆக்சிஜன்.

22 கிலோ நீர் என்றதும் யாரும் நம்புவதில்லை. ஒரு சிலிண்டர் எரிந்து முடிவதற்குள் உங்கள் அடுக்களைக்குள் 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக வந்து சேர்கிறது. குழம்பு கொதிக்கும் ஆவி இதில் சேர்த்தியில்லை. ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கும் மழைக்கால அடுக்களையில் சுவர் ஏன் வியர்க்கிறது என்று இனி கேட்க மாட்டீர்கள். 51 கிலோ ஆக்சிஜன் வேண்டுமென்றால் 220 கிலோ காற்று வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் அது 190 கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பத்துக்கு எட்டு அடி அடுக்களை எட்டை நிரப்பும் காற்று அது. அது வர வழியில்லாவிட்டால் நீலச் சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கறுக்கும், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உருவாகும். எக்ஸாஸ்ட் ஃபேன் எண்ணெய்ப் பிசுக்குக்காக மட்டும் வைத்தது இல்லை.

இந்தக் கணக்கை எனக்குப் பிடித்த இன்னோர் இடத்தில் போட்டுக் காட்டுகிறேன். எங்கள் சந்தில் ஒரு பழைய வீட்டின் மெட்ராஸ் டெரஸ் தளத்தைப் பழுது பார்த்தார்கள். தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்காக அடுக்கிய மெல்லிய செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளம். சிமென்ட் வைத்தால் வெடிக்கும் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாகச் சுண்ணாம்பு மேஸ்திரி ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டார். வாசலில் குழி வெட்டி, சுட்ட சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். கொட்டிய சில நிமிடத்தில் கட்டிகள் விரிசல் விட்டு, பொரிந்து, குழி முழுக்கக் கொதித்தது. தெருவே வேடிக்கை பார்த்தது.

சென்னைக்கும் சுண்ணாம்புக்கும் நெடுநாள் உறவு. இந்தக் கடற்கரையில் கிளிஞ்சலைச் சுட்டு நைஸாக அரைத்து மெருகேற்றிய பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணம்' என்று பெயரே உண்டு. 1780-களின் தொடக்கத்தில் வந்து போன ஆங்கில ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், இந்த ஊர் வெள்ளைத் தூண்களைப் பளிங்குக்கு ஒப்பிட்டு எழுதி வைத்திருக்கிறார். பழவேற்காடு ஏரியிலிருந்து கிளிஞ்சல் வந்தது. பள்ளிக்கரணைப் பக்கத்தில் சுண்ணாம்பு கொளத்தூர் என்று ஊரே இருக்கிறது. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீக்கிரையான பிறகு, அதைப் பொதுப்பணித்துறை புதுப்பித்ததும் சுண்ணாம்பை அரைத்துப் பூசித்தான்.

கிளிஞ்சல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கணக்குப் போடுகிறவர்களுக்குக் கடவுள் கொடுத்த பொருள் அது, ஏனென்றால் ஒரு மோல் சரியாக 100 கிராம். 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் சூளையில் வெந்தால் அது இரண்டாகப் பிரிகிறது:

1 கால்சியம் கார்பனேட் → 1 கால்சியம் ஆக்சைடு + 1 கார்பன் டை ஆக்சைடு

100 கிலோ கிளிஞ்சலுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. 44 கிலோ வாயுவாகப் புகைபோக்கியில் போய்விடும். மேஸ்திரி குழியில் தண்ணீர் விடும்போது அந்த 56 கிலோ 18 கிலோ நீரைக் குடித்து 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசிய பிறகு, காற்றிலிருந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு, குடித்த 18 கிலோ நீரை வெளியே விட்டுவிட்டு, மறுபடி 100 கிலோ கார்பனேட்டாக, அதாவது கல்லாக இறுகுகிறது. 100, 56, 74, 100. சட்டென்று மனதில் நிற்கும் நாலு எண். சுண்ணாம்புச் சுவர் காய்ந்த பிறகும் எடை கூடிக்கொண்டே போகும் என்பதை இந்த எண்கள் தாம் சொல்லும். கையால் தடவிப் பார்த்துத் தெரியாது.

இதே வட்டத்தைத் தராசு வைத்து முதலில் சுற்றி வந்தவர் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். சிறுநீரகக் கல்லுக்கு மருந்து தேடப் போனவர், எடின்பரோவில் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டார். 1756-இல் வெளியான அவருடைய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. 120 கிரெய்ன் சுண்ணக்கட்டியைச் சுட்டார். 68 கிரெய்ன் மிஞ்சியது. அதை ஒரு கார உப்புக் கரைசலில் போட்டு, கழுவி உலர்த்தி எடுத்தார். 118 கிரெய்ன் சுண்ணக்கட்டி திரும்பக் கிடைத்தது. நம் கணக்குப்படி 120-இல் 56 சதவீதம் 67.2. பிளாக்குக்குக் கிடைத்தது 68. மோல் தெரியாது, அணு நிறை தெரியாது, கால்சியம் என்ற தனிமமே அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. மனிதர் எடைபோட்ட நேர்த்தியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். அவர் எடை குறைந்த கணக்கைத் துரத்திப் போனதால்தான் கார்பன் டை ஆக்சைடு என்று ஒரு தனி வாயு உலகில் இருப்பதே தெரிய வந்தது.

மேஸ்திரி குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பொரியாமல் கல்லாகவே கிடந்த துண்டுகளை ஒரு கம்பியால் கிளறி ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மேஸ்திரி, இதெல்லாம் வேண்டாமா?"

"வேகாத கல்லும்மா. சூளைக்காரன் விறகுல மிச்சம் பிடிச்சிருக்கான். இத உள்ள போட்டா பூச்சு நிக்காது."

"எவ்வளவு வேகாம இருக்கும்?"

"இந்த லோடுல அஞ்சுல ஒண்ணு சும்மாம்மா."

அவர் கண்ணளவைச் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. தண்ணீர் படாத மூட்டையிலிருந்து நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பொடி செய்து கொண்டுவந்தேன். சாயங்காலம் பிள்ளைகளோடு சோதனை. 10 கிராம் பொடி. முதலில் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நீற்றி, நன்றாக ஆறவைத்தோம். இந்தப் படியை விட்டுவிட்டு நேராக அமிலத்தைக் கொட்டினால், சூட்டில் போகும் நீராவியின் எடையும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். பிறகு தனிக் குவளையில் 200 மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டு குவளையையும் சேர்த்து எடைபோட்டு, அமிலத்தைத் துளித்துளியாக விட்டோம். வெந்த சுண்ணாம்பு அமிலத்தோடு சேரும்போது வாயு எதுவும் வராது. வேகாத கார்பனேட் மட்டும்தான் நுரைக்கும். நுரைத்தது. அடங்கிய பிறகு மறுபடி எடை: 0.9 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இழப்பு. 44 கிராம் வாயு போனால் 100 கிராம் கார்பனேட் இருந்தது என்று பொருள்; 0.88 போனால் 2 கிராம். பத்தில் இரண்டு. ஐந்தில் ஒன்று.

"மேஸ்திரி எந்த ஸ்கூல் மிஸ்?" என்றான் தி.நகர் பையன்.

அமிலம் ஏன் 200 மில்லி, 50 போதாதா என்று அடையாற்றுப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு கால்சியம் ஆக்சைடுக்கு 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு கார்பனேட்டுக்கும் 2. அந்த 10 கிராமுக்கு 0.33 மோல் அமிலம் தேவை. எங்களிடம் இருந்த கரைசலில் அது ஏறக்குறைய 165 மில்லி. 50 மில்லியோடு நிறுத்தியிருந்தால் அமிலம் முதலில் தீர்ந்து, கார்பனேட் பாக்கி நின்றிருக்கும். நுரை அடங்கியதைப் பார்த்து "அவ்வளவுதான்" என்று ஏமாந்திருப்போம். எது முதலில் தீர்கிறதோ அதுதான் விளைவின் அளவைத் தீர்மானிக்கிறது. பாடப் புத்தகம் அதை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்கிறது. இந்தப் பாடத்தின் உயிர்நாடி இதுதான், கொஞ்ச நேரத்தில் மறுபடி வருகிறேன்.

அதற்கு முன் மேஸ்திரியின் தண்ணீர்க் கணக்கு. காகிதத்தில் 56 கிலோ சுண்ணாம்புக்கு 18 லிட்டர் தண்ணீர் போதும். அவரோ குடம் குடமாக ஊற்றினார். அவர் செய்ததுதான் சரி. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது ஏறக்குறைய 1,160 கிலோஜூல் வெப்பம் வருகிறது. மூன்றரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது தாராளம். கணக்கு சொன்ன தண்ணீரை மட்டும் விட்டால் பாதி ஆவியாகிப் போய், நடுக்கட்டி வெந்தும் நீறாமல் கிடக்கும். பிறகு சுவரில் போன பின் ஈரம் பட்டுப் பொரிந்து பூச்சைப் பெயர்க்கும். சமன்பாடு சொல்வது குறைந்தபட்சம். சூடு, ஆவி, கைப்பிசகு எதுவும் அதற்குத் தெரியாது. அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெரிய தலைவலிகளில் ஒன்றும் இந்த ஜாதிதான். வழக்கமான குரோம் பதனிடுதலில் போட்ட குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் பிடிக்காமல் கழிவுநீரோடு போய்விடும். அதைக் குறைக்க வழி தேடுவதிலேயே அங்கே எத்தனையோ பேர் ஆயுளைச் செலவழித்திருக்கிறார்கள்.

இப்போது சுண்ணாம்புக்குப் புது மவுசு. "காற்றிலிருக்கும் கார்பனை உறிஞ்சும் பசுமைப் பூச்சு" என்று விளம்பரம் செய்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புது வீடு கட்டுகிறவர்களிடம் விற்கிறார்கள். உறிஞ்சுவது உண்மை. 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு 44 கிலோ உறிஞ்சும். ஒரு சிலிண்டர் கேஸ் வெளிவிடும் 43 கிலோவுக்கு அது ஈடு, அதற்கு மேலேயும்கூட. ஆனால் அந்த 74 கிலோவைச் செய்யச் சூளையில் முன்பே 44 கிலோ வெளியே போயிருக்கிறது. எரித்த கரிக்கும் விறகுக்கும் தனிக் கணக்கு. ஆக, சுவர் திருப்பித் தருவது வாங்கிய கடனின் முதலை மட்டும். வட்டி நம் தலையில். அதுவும் உடனே இல்லை. ஒரு கன மீட்டர் காற்றில் கார்பன் டை ஆக்சைடு முக்கால் கிராம்தான். 44 கிலோ சேர வேண்டுமென்றால் ஏறக்குறைய 60,000 கன மீட்டர் காற்று அந்தப் பூச்சைத் தொட்டுப் போக வேண்டும். தடித்த பூச்சின் உள்பக்கம் இறுக வருஷக்கணக்கு ஆவது இதனால்தான். சுண்ணாம்பு நல்ல பொருள். பழைய வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. அதற்காக இப்படி ஒரு பொய்யைச் சொல்லி விற்க வேண்டாம்.

நீற்றுச் சுண்ணாம்புக்குச் சென்னையில் இன்னொரு வேலையும் உண்டு. அதன் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர். 74 கிலோ சுண்ணாம்பு, 71 கிலோ குளோரின், வருவது 127 கிலோ பவுடரும் 18 கிலோ நீரும். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கிக் கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்து வடிந்த பிறகு, ஊர் முழுக்க வெள்ளைக் கோலம் போட்டதுபோல் தெருத் தெருவாகத் தூவினார்களே, அதே பவுடர். புத்தகச் சூத்திரப்படி 127-இல் 71 குளோரின், அதாவது 56 சதவீதம். கடையில் வாங்கும் பவுடரில் பயன்படும் குளோரின் 33 சதவீதம் இருந்தாலே நல்ல சரக்கு. சூத்திரம் சுத்தமான பொருளைப் பற்றிப் பேசுகிறது. பாக்கெட்டில் அது கிடைப்பதில்லை. மூடாமல் வைத்தால் அந்த 33-உம் நாளாக ஆகக் குறைந்துகொண்டே போகும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் 10,000 லிட்டர் சம்ப். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் என்பது வழக்கமான அளவு. அப்படியானால் 25 கிராம், அதில் குளோரின் 8 கிராம் சொச்சம். நல்ல தண்ணீருக்கு இது போதும். மழைக்குப் பிறகு அந்தச் சம்ப்பில் பக்கத்துக் கழிவுநீர்க் குழாய் கசிந்திருந்தால்? கழிவுநீரில் அம்மோனியா உண்டு. அம்மோனியாவும் குளோரினும் கடைசிவரை வினைபுரிந்தால்:

2 அம்மோனியா + 3 குளோரின் → 1 நைட்ரஜன் + 6 ஹைட்ரோகுளோரிக் அமிலம்

34 கிராம் அம்மோனியா 213 கிராம் குளோரினை விழுங்கும். ஒன்றுக்கு ஆறேகால் மடங்கு. லிட்டருக்கு ஒரே ஒரு மில்லிகிராம் அம்மோனியா இருந்தால், 10,000 லிட்டரில் 10 கிராம். அதைத் தீர்க்கவே 63 கிராம் குளோரின், பவுடராக 190 கிராம் வேண்டும். நீங்கள் போட்ட 25 கிராம் பவுடரின் குளோரின் முழுக்க அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமீன்களாகிவிடும். அவற்றுக்கும் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு, ஆனால் வீரியம் வெகு குறைவு. காலராவையும் டைஃபாய்டையும் தடுக்க வேண்டிய குளோரின் மிச்சமே இருக்காது. குளோரின் வாடை மட்டும் மூக்கில் ஏறும். வாட்ச்மேன் "பவுடர் போட்டாச்சு சார், வாடை வருது பாருங்க" என்பார். அசோசியேஷன் செயலாளர் தலையாட்டுவார். இங்கே தீர்ந்துபோனது எது, மிஞ்சி நிற்பது எது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் பிளஸ் ஒன் பிள்ளைகள் சூத்திரத்தில் போட்டு மறந்துவிடுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு 190 கிராமை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். கழிவுநீர் கலந்த சம்ப்புக்குப் பவுடர் மருந்தில்லை. தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, கசிவை அடைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, பிறகு பவுடர். அதையும் வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்குவது பெரும்பாலும் சுண்ணாம்பு. ஒரு மணி நேரம் கழித்து, குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப்பில் ஒரு சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மீதக் குளோரின் காட்ட வேண்டும், அதுதான் இந்தியத் தர நிர்ணயம்.

கடைசியாக ஒன்று. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். 100 கிராம் பவுடரும் போதுமான ஆசிட்டும் சேர்ந்தால் 33 கிராம் குளோரின் வாயு கிளம்பும். நம் ஊர் வெப்பத்தில் அது 11 லிட்டருக்கு மேல். நாலுக்கு ஆறு அடி பாத்ரூமின் காற்றில் அது ஆயிரத்தில் இரண்டு பங்கு. ஆயிரத்தில் ஒரு பங்கே சில மூச்சில் உயிரை எடுக்கப் போதும்.